மறு: டிமென்ஷியா – ‘மறதிநோய்’ போதுமா? ‘ஓர்மைத்தேய்வு’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

> ‘மறதிநோய்’ செய்தித்தாளிலேயே வந்துவிட்டது. ஊருக்குப் புரிந்த சொல்லை விட்டுவிட்டு இன்னொன்று எதற்கு?

ஐயா கேட்பது நியாயமான கேள்வி. நினைவும் சிந்தனையும் குன்றும் டிமென்ஷியா உள்ளவர்களைப் பராமரிப்போருக்காக நாம் தமிழில் எழுதும் கையேட்டில் முதல் அத்தியாயம் முழுக்க ‘மறதிநோய்’ தடையில்லாமல் ஓடியது. இரண்டாம் அத்தியாயம் வகைகளைப் பற்றியது. அங்கே போய் முட்டிக்கொண்டு நிற்கிறது.

டிமென்ஷியாவில் 60 முதல் 70 சதவீதம் அல்சைமர் என்னும் மூளைநோயால் வருவது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பெரும்பாலும் மறதிதான் முதலில் தலைகாட்டும், அதுவும் நேற்று நடந்தது மறந்து 40 வருடத்துக்கு முந்தையது நினைவிருக்கும் வகை மறதி. ஆக அந்தச் சொல் அல்சைமருக்கு ஓரளவு பொருந்தும். ‘ஓரளவு’ என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 1901இல் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் பார்த்த அந்த முதல் நோயாளி, 51 வயது அவுகுஸ்தே டேட்டர், முதலில் காட்டிய அறிகுறி மறதி இல்லை. கணவர்மேல் திடீரென்று வந்த பொறாமையும் சந்தேகமும்தான். மறதி அதற்குப் பின்னால் வேகமாக வந்தது. 1910இல் ஜெர்மன் மனநல மருத்துவர் கிரேப்பலின் தன் பாடநூலில் அந்த நோய்க்கு அல்சைமரின் பெயரை வைத்தார்.

அல்சைமரைத் தாண்டினால் சிக்கல் இன்னும் பெரிது. மூளையின் நெற்றி மடலும் பொட்டு மடலும் சுருங்குகிற வகையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 45க்கும் 65க்கும் இடையில் தொடங்கும். அதில் நினைவு பல வருடம் கெடாமல் இருக்கும். கெடுவது குணம், அல்லது பேச்சு. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கேஷியர் ஒருவர் இருந்தார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை அப்பளத்தை எடுத்து நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தார். அந்த இலைக்குரியவர் சம்பந்தி. அடுத்து, தெரியாத பெண்களிடம் சம்பளம் விசாரித்தார், தினமும் ஒரே கடையில் ஒரே இனிப்பை வாங்கிக் குவித்தார், தங்கை இறந்த வீட்டில் டிவி போடச் சொன்னார். டிமென்ஷியாவாக இருக்கலாம் என்று ஒருவர் சொன்னதற்கு அவர் மனைவி கேட்டது: “அவருக்கா மறதிநோய்? பாலிசி நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாரே!” அந்த அம்மா கேட்டதில் தப்பே கிடையாது. நோயின் பெயர் மறதி, வீட்டுக்காரருக்கு மறதி இல்லை, அப்படியானால் நோயும் இல்லை. கொழுப்பெடுத்து ஆடுகிறார் என்று சொந்தக்காரர்கள் ஒதுங்கினார்கள். நரம்பியல் மருத்துவரிடம் போவதற்குள் வருடங்கள் ஓடிவிட்டன.

லூயி வகையிலும் இதே கதைதான். 1912இல் ஃபிரெட்ரிக் லூயி நரம்பணுக்களுக்குள் கண்ட புரதத் திரள்களின் பெயரால் வழங்குவது. இதில் முற்றத்தில் சின்னப் பிள்ளைகள் விளையாடுவதாக, நாய் படுத்திருப்பதாகக் கண்ணுக்குத் தெரியும். காலையில் தெளிவாகப் பேசுபவர் மதியம் மந்தமாகிவிடுவார். நடை, காலை இழுத்துச் சின்னச் சின்ன அடி வைக்கும் பார்க்கின்சன் நோய் நடையாக மாறும். தூக்கத்தில் கனவுக்கு ஏற்பக் கைகால் வீசுவார். மறதி பின்வரிசையில் நிற்கும். வீட்டில் இதற்குக் காற்று, கருப்பு என்று பெயர் வைப்பார்கள். இல்லையென்றால் ‘மனநோய்’ என்று சொல்லி ஹாலோபெரிடால் கொடுக்கப்படும். லூயி வகைக்காரர்களில் பலருக்கு அந்த மருந்து ஆகாது, உடம்பு கட்டையாக விறைத்துப்போகும், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் வகை தெரிய வேண்டும் என்கிறேன். பெயரிலேயே ‘மறதி’ என்று ஒட்டிவிட்டால் வகையைத் தேடும் வழி அடைபடுகிறது.

ஆகவே என் கோரிக்கை இரண்டு. ஒன்று, பொதுப்பெயரிலிருந்து ‘மறதி’யை எடுத்துவிட வேண்டும். இரண்டு, ‘நோய்’ என்பதையும் எடுக்க வேண்டும். டிமென்ஷியா தனி நோய் கிடையாது, பல நோய்கள் வந்து சேரும் ஒரு நிலை. பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, விழுந்து அடிபட்டு மண்டைக்குள் மெல்லக் கசிந்து தேங்கும் ரத்தம், மூளைக்குள் நீர் தேங்குவது, இவையெல்லாம் அச்சு அசலாக அதே தோற்றத்தைத் தரும். இவற்றில் பல சரிசெய்யக்கூடியவை. முதல் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எதற்கு என்று குடும்பங்கள் கேட்கும்போது இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, என்ன சொல்? எங்கள் குமரி மாவட்டத்தில் “ஓர்மை இருக்கா?” என்றால் நினைவிருக்கிறதா என்று பொருள். வயதானவர் தடுமாறினால் “ஓர்மை கெட்டுப்போச்சு” என்பார்கள். ஆனால் அந்த வேர் நினைவோடு நிற்பதில்லை. ஓர்தல் என்றால் ஆராய்தல், உணர்தல், தெளிதல். செங்கோன்மை அதிகாரத்தின் முதல் குறள் ‘ஓர்ந்து’ என்றுதான் தொடங்குகிறது. நினைவு, தெளிவு, சீர்தூக்கிப் பார்ப்பது மூன்றும் ஒரு சொல்லுக்குள் வருகின்றன. டிமென்ஷியாவில் போவதும் அவைதான். ‘தேய்வு’ நாளாக நாளாகக் குறைவதைச் சொல்லும். மூட்டுத் தேய்மானம் தெரியாத வீடு இல்லை.

ஆக என் சொல் ஓர்மைத்தேய்வு. குறை இருந்தால் அடித்துத் துவைக்கலாம்.

– கோட்டாற்றான்

~~~

ஓர்மை நன்றாக இருக்கிறது. ஆனால் என் வெளிநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து பாருங்கள். நாங்கள் ஏற்கெனவே ‘மூளைத் தேய்மானம்’ என்றுதான் சொல்கிறோம். மகன் தலையாட்டுகிறார், மருமகள் தலையாட்டுகிறார். உறுப்பைச் சொன்னால் பழி நோயாளி மேல் விழுவதில்லை, அது பெரிய லாபம். அதை விட்டுவிட்டு ஓர்மை என்றால் மதுரைக்காரர் ‘ஒற்றுமையா?’ என்று கேட்பார்.

ஒரு நண்பர் முன்பு ‘மதித்தேய்வு’ என்று எழுதியிருந்தார். நிலவும் மதி, அறிவும் மதி, தேய்பிறை என்றெல்லாம் அழகாகத்தான் இருந்தது. தயவுசெய்து வேண்டாம். ‘மதிகெட்டவன்’ என்பது நம்மூரில் வசவு. ஜப்பானில் இந்தச் சிக்கலுக்காகவே 2004இல் அரசு பெயரை மாற்றியது. பழைய ‘சிஹோ’வில் மடமை என்ற பொருள் இருந்தது. அதை எடுத்துவிட்டு ‘நின்சிஷோ’ என்று வைத்தார்கள், அறிதல் தொடர்பான நோய்நிலை என்பதுபோல. சிலர் முகம் சுளித்தார்கள் என்றாலும் சொல் நிலைத்துவிட்டது.

இன்னொன்று. சிகிச்சைப் பகுதியில் ‘மறதி மாத்திரை’ என்று எங்கும் வரக்கூடாது. டோனெபெசில், ரிவாஸ்டிக்மின் போன்றவை மூளை நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் சிதைவதைக் குறைக்கின்றன. சிலருக்குக் கொஞ்ச காலம் கொஞ்சம் தெளிவு கிடைக்கும். நோயை நிறுத்தாது. ‘மறதி மாத்திரை’ என்று பெயர் கேட்டவர்கள் மூன்று மாதத்தில் “அப்பாவுக்கு இன்னும் என் பேர் வரலையே” என்று தாங்களே நிறுத்திவிடுகிறார்கள். லூயி வகைக்கு இவை நன்றாகவே கேட்பதுண்டு. நெற்றி மடல் வகைக்குப் பயனில்லை, சிலருக்கு எரிச்சலும் கூடும். மூளைக்கு ரத்தம் போகும் குழாய்கள் கெட்டு வரும் குருதிக்குழாய் வகையில் முதல் வேலை இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை. அடுத்த பக்கவாதத்தைத் தடுப்பதுதான் அங்கே மருந்து.

புதிதாக வந்த லெக்கானெமாப், டோனானெமாப் மருந்துகள் பற்றி ஒரு பத்தி போதும். 2023, 2024இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றவை. மூளையில் அமிலாய்ட் என்ற புரதப் படிவு இருப்பது உறுதியான, தொடக்க நிலை அல்சைமருக்கு மட்டும். தேய்வின் வேகத்தை ஓரளவு குறைக்கின்றன. மூளை வீக்கம், நுண்கசிவு வரலாம் என்பதால் எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வருகிற ‘அல்சைமருக்கு மருந்து கண்டுபிடிப்பு’ தலைப்புக்கு இதுதான் பதில்.

– மருத்துவர், மதுரை

~~~

டொக்டர் ஐயாவுக்கும் கோட்டாற்றுத் தம்பிக்கும் வணக்கம். எங்கட பக்கம் இதுக்கு ஒரு சொல் எப்பவோ இருக்குது. “கிழவிக்கு அறளை பேந்திட்டுது” எண்டு சொல்லுவினம். எழுத்தில் ‘அறளை பெயர்தல்’. ஒரு சொல்லில் முழு நிலையும் வந்துவிடும், மறதி மட்டும் இல்லை, பிதற்றல், பிடிவாதம், வீட்டை விட்டு வெளிக்கிட்டுப் போறது எல்லாம். ஆனால் அது சிரிப்பாகவோ ஏச்சாகவோதான் வாயில் வரும். பெத்த தாயை வைத்துப் பார்க்கிற பிள்ளையிடம் அந்தச் சொல்லைக் கொடுக்க எனக்கு மனம் வரேல்லை. அகராதிக்குப் போகட்டும், கையேட்டுக்கு வேண்டாம்.

ஓர்மைக்கு ஒரு எச்சரிக்கை: எங்களுக்கு ‘ஓர்மம்’ எண்டால் துணிவு, மனவுறுதி. ஓர்மைத்தேய்வு எண்டதும் பயந்தவர் எண்டு நினைக்க இடமிருக்குது. பெரிய குழப்பம் இல்லை, ஒருக்கால் விளக்கினால் போதும்.

– யாழ்ப்பாணத்து வாசகி

~~~

டாக்டர் சார், அக்கா, இருவருக்கும் நன்றி.

அறளை பற்றி அக்கா சொன்னதே கடைசி வார்த்தை. ஓர்மம், ஓர்மை இரண்டையும் சொல்விளக்கத்தில் ஒரு வரியில் பிரித்துக் காட்டிவிடலாம்.

மூளைத் தேய்மானம்: பழி விழாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்கேனில் மூளை சுருங்கியவர் எல்லாரும் டிமென்ஷியாக்காரர் இல்லை. 80 வயதில் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். ரிப்போர்ட்டில் ‘சுருக்கம்’ என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டு வருபவர்கள் உங்களிடமும் வருவார்கள். பி12 குறைவில் மூளை தேயாமலே ஆள் தடுமாறுவார். கெடுவது செயல்திறன் என்பதால் பெயர் செயலைச் சொல்ல வேண்டும். சுருக்கத்துக்கு ‘மூளைத் தேய்மானம்’ இருக்கட்டும், அது ஸ்கேன் அறையின் சொல்.

‘ஒற்றுமையா’ என்று மதுரைக்காரர் கேட்டால் கேட்கட்டும். ‘மன ஓர்மை’ என்று மனம் ஒன்றுவதை எல்லா ஊரிலும் எழுதுகிறோம், அதுவும் இவர்களுக்குக் குறைகிறது. கையேட்டில் முதல் தடவை வரும்போது ‘ஓர்மைத்தேய்வு என்னும் டிமென்ஷியா’ என்று சேர்த்தே போடுவோம். 60 தாண்டியவர்களில் 7.4 சதவீதம், இந்தியாவில் ஏறத்தாழ 88 லட்சம் பேர் என்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அத்தனை வீடுகளுக்குப் போக வேண்டிய சொல்லைக் கடன்சொல்லின் கையைப் பிடித்துக்கொண்டு அனுப்புவதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

வகைகளுக்கு இப்போதைக்கு: அல்சைமர் வகை, குருதிக்குழாய் வகை, லூயித்திரள் வகை, கலப்பு வகை. ‘லூயி உடல்’ என்று யாரோ எழுதியிருந்ததை நீக்கிவிட்டேன், படிப்பவர் ஒரு பிணத்தைத் தேடுவார். நெற்றி மடலும் பொட்டு மடலும் சேர்ந்ததற்கு ‘நெற்றிப்பொட்டு வகை’. குங்குமம் நினைவுக்கு வருகிறது என்று ஆட்சேபம் வரும் எனத் தெரியும். நெற்றிப்பொட்டில் அடித்ததுபோல் என்று சொல்கிறோமே, அந்த இடம்தான். வயதுக்கு மீறிய தடுமாற்றம் இருந்தும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவருக்கு ‘ஓர்மைத்தளர்வு’. அது தேய்வாகத்தான் மாறும் என்பதில்லை, அதனால் வேறு சொல் அவசியம்.

மருத்துவமனையில் சேர்த்த இரண்டாம் நாள் முதியவர் திடீரென்று ஆள் தெரியாமல் பேசுவதை இவற்றோடு சேர்க்கவே கூடாது. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, புது மருந்து என்று காரணம் இருக்கும். மணிக்கணக்கில் தொடங்கும், கவனித்தால் பெரும்பாலும் மீளும். ‘திடீர்க் குழப்பம்’ என்று வெறுமனே எழுதிவிடுகிறேன். அதற்குச் செந்தமிழ் தேடி நேரம் போக்க வேண்டாம், படித்தவுடன் ஆட்டோ பிடிக்க வேண்டிய விஷயம்.

மீதி இருப்பது ஒன்று. பொழுது சாயும் நேரம் பதற்றம் கூடி, “வீட்டுக்குப் போகணும்” என்று சொந்த வீட்டிலேயே நின்று கேட்பது. ‘மாலை மயக்கம்’ என்று ஒருவர் தனிமடலில் அனுப்பியிருந்தார். சங்கப் பாட்டுத் தலைவிக்குத்தான் அது பொருந்தும், இரவு பூட்டைச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மகளுக்கு ஆகாது. நான் ‘அந்திக்குழப்பம்’ என்று போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிறு வரை யாரும் மறுக்காவிட்டால் அச்சுக்கு அனுப்புகிறேன்.

– கோட்டாற்றான்