புதுப்பிப்பு: அப்பாவின் கழுத்துத் தமனிப் படிவும் எம்.ஆர்.ஐ. தந்த விடையும்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தும், கழுத்துத் தமனியின் அடைப்பு 50 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்ததால் காரணம் புலப்படவில்லை என்று இங்கே கேட்டிருந்தேன். மறுமொழி தந்த அனைவருக்கும் நன்றி. குழாயின் குறுக்கத்தை அளப்பதோடு நிற்காமல் அதன் சுவரையே படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. பற்றி நரம்பியல் மருத்துவரிடம் கேட்கச் சொன்ன ஆலோசனையே பயன்பட்டது. டி1 எனும் எம்.ஆர்.ஐ. பட வகையில், பாதிக்கப்பட்ட மூளைப் பகுதியின் அதே பக்கத்துத் தமனிச் சுவரில் சேர்ந்த கொழுப்புப் படிவுக்குள் ஓரிடம் பளிச்சென்று தெரிந்தது. படிவினுள் கசிந்த இரத்தத்தின் சிவப்பு நிறமி மெத்திமோகுளோபின் எனும் பொருளாக மாறுவதால் அவ்வாறு வெண்மையாகத் தெரிகிறது என்றும், அடைப்பு சிறிதாயினும் இத்தகைய படிவால் மீண்டும் பக்கவாதம் வரும் வாய்ப்பு கூடுதல் என்றும் மருத்துவர் விளக்கினார். இந்தக் கசிவைக் காணக் காடோலினியம் ஊசி (படத்தைத் தெளிவாக்க இரத்தத்தில் ஏற்றும் மருந்து) தேவைப்படாதது, சிறுநீரகம் தளர்ந்த அப்பாவை எண்ணிக் கலங்கியிருந்த எங்களுக்குப் பெரும் ஆறுதல். எதிர்பாராதது ஒன்று: அவர் எச்சில் விழுங்கியதில் முதல் படம் மங்கிவிட, மறுபடி எடுக்க நேர்ந்தது.