ஸ்பீக்கரில் வந்த உறுமலும் இரைச்சலும்: உங்கள் வீட்டில் எப்படி அடங்கியது?

வீட்டிலிருந்தபடியே இணையம் வழியாக வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற ஆண்டு வகுப்புக்காக இரண்டு ஸ்பீக்கர்கள் வாங்கினேன். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் வகை. லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு கேபிள் புறப்பட்டு, இரண்டாகப் பிரிந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் போகிறது. சுவிட்சைப் போட்டதுமே, யாரோ வாயை மூடிக்கொண்டு ஓயாமல் ‘ம்ம்ம்’ என்பதுபோல ஓர் உறுமல் எழுந்தது.

பாடுகிறவர்களுக்கு இது சின்னத் தொந்தரவு அல்ல. என் சுருதி ஐந்து கட்டை. ஷட்ஜம், அதாவது ‘ஸ’, 196 ஹெர்ட்ஸ். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். உறுமலில் அந்த 50 மட்டும் வருவதில்லை, அதன் மடங்குகளான 100, 150, 200 எல்லாம் சேர்ந்தே வரும். தம்புரா செயலியை ஒலிக்கவிட்டால், அந்த 200-ம் என் 196-ம் உரசி, ஷட்ஜம் நொடிக்கு நான்கு முறை அலையலையாக நடுங்கியது. காது பழகும் வயதில் இருக்கும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு சுருதியைக் கேட்கவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஒரு மாலை, தற்செயலாக லேப்டாப் சார்ஜரைக் கழற்றினேன். உறுமல் சட்டென்று நின்றது. மறுபடி செருகினேன், வந்தது. கேபிளைக் குறை சொல்லிப் பயனில்லை என்று அப்போதுதான் புரிந்தது. கடையில் கேட்டபோது, “ஸ்பீக்கர் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடுங்கள், சரியாகிவிடும்” என்றார்கள். பக்கத்து வீட்டில் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் இருக்கிறார். அவரிடம் சொன்னதும் முகம் மாறிவிட்டது. “அதை மட்டும் செய்துவிடாதே அம்மா. ஸ்பீக்கரின் முதுகில் இருப்பது உலோகத் தகடு. உள்ளே ஒரு வயர் விடுபட்டு அதைத் தொட்டால் 230 வோல்ட்டும் அந்தத் தகட்டில்தான் நிற்கும். எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும். இல்லாவிட்டால் தொடுகிறவர் போவார்” என்றார்.

அவரே வந்து பார்த்தார். ஸ்பீக்கர்கள் ஒரு சுவரில், சார்ஜர் எதிர்ச் சுவரில். இரண்டுக்கும் எர்த் உண்டு, ஆனால் வெவ்வேறு வழியாகப் போகிறது. இரண்டு எர்த்துக்கும் நடுவே இருக்கும் சிறு மின்னழுத்த வேறுபாடு, ஆடியோ கேபிளின் மேலுறை வழியாக ஓடி வட்டத்தை மூடிக்கொள்கிறது. ஸ்பீக்கர் அதையும் பாட்டு என்றே எண்ணிப் பெருக்கிவிடுகிறது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினார். உறுமல் பாதிக்கு மேல் குறைந்தது.

மிச்சத்துக்காக, கேபிளின் நடுவே இணைக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி ஒன்றை வாங்கினேன். இரண்டு பக்கத்துக்கும் உலோகத் தொடர்பே இல்லாமல் காந்தப்புலம் வழியாக ஒலியைக் கடத்துவது அது. உறுமல் அறவே போனது. ஆனால் நான் வாங்கியது விலை குறைந்தது. மிருதங்கப் பதிவைக் கேட்டபோது தொப்பிப் பக்கத்துக் கும்கி, அதாவது இடப்பக்கத் தாழ்ந்த ஒலி, மெலிந்து, அட்டைப்பெட்டியில் தட்டுவதுபோல வந்தது. வலப்பக்கமான வலந்தலை நன்றாகவே இருந்தது. கடைசியில் யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (கணினியின் ஒலியை வெளியே எடுத்துத் தரும் பெட்டி) ஒன்று வாங்கி, ஸ்பீக்கர் வரை பேலன்ஸ்டு கேபிள் போட்டேன். அதில் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில் போகிறது, ஒன்றில் தலைகீழாக. ஸ்பீக்கர் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால், வழியில் இரண்டிலும் ஒரேபோல ஏறிய உறுமல் கழிந்துவிடுகிறது. கும்கியும் திரும்பி வந்தது.

இப்போது எஞ்சியிருப்பது ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல். சார்ஜரைக் கழற்றினாலும் போகவில்லை. உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்.

* * *

அக்கா, உறுமலும் இரைச்சலும் ஒரே நோய் இல்லை. நான் அதை உணரவே ஆறு மாதம் ஆனது, அதற்குள் மூன்று கேபிள்கள் வாங்கிவிட்டேன். முதலில் ஸ்பீக்கர் பக்கத்தில் கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். அப்போதும் இரைந்தால் அது ஸ்பீக்கரின் சொந்த ஆம்ப்ளிஃபயர் எழுப்பும் ஒலி. எந்தக் கேபிளாலும் போகாது.

என் வீட்டில் காரணம் அளவுகள்தான். ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் திருகு முழுவதும் ஏற்றப்பட்டிருந்தது. காது வலிக்கிறது என்று கணினியில் ஒலியை முப்பதுக்குக் குறைத்து வைத்திருந்தேன். கணினியிலிருந்து வரும் பாட்டு சிறுத்துவிடுகிறது, அதன் இரைச்சல் சிறுக்கவில்லை. இரண்டையும் ஸ்பீக்கர் ஒன்றாகப் பெருக்குகிறது. தலைகீழாக்கினேன். கணினியையும் இன்டர்ஃபேஸையும் முழு அளவுக்குப் பக்கத்தில் வைத்து, ஸ்பீக்கர் திருகை முழுவதும் இறக்கி, நாற்காலியில் உட்கார்ந்து கேட்கும் அளவு வரும்வரை மட்டும் ஏற்றினேன். திருகைக் கடிகார முள்ளாக எண்ணினால், பத்து மணி நிலையிலேயே போதுமானதாக இருந்தது. பின்னால் +4, −10 என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதையும் பாருங்கள். −10 என்பது வீட்டுக் கருவிகளின் மெலிந்த சிக்னலுக்கானது. இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர்கள் +4-க்கு மாற்றினாலே கிட்டத்தட்ட 12 டெசிபல் குறையும்.

* * *

எனக்கு இரண்டுமே இல்லை. மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கருக்குள் ‘கிரீச் கிரீச்’ என்று ஒரு வண்டு கத்தும். பக்கத்தை உருட்டினால் சுருதி மாறும். வீடியோ எடிட்டிங் செய்பவன் நான். கிராபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் ஓடும்போது அந்தச் சத்தம் வசனத்தையே மூடிவிடும். பெட்டியின் முன்புறத் துளையிலிருந்து பின்புறத் துளைக்கு மாற்றியதில் கொஞ்சம் குறைந்தது. முன்துளைக்குப் போகும் மெல்லிய வயர் பெட்டிக்குள் எல்லாவற்றையும் உரசிக்கொண்டு போகிறது.

வெளியே வைக்கும் யுஎஸ்பி டேக் (DAC, கணினியின் எண்களை ஒலி சிக்னலாக மாற்றும் பெட்டி) வாங்கினால் தீரும் என்று எல்லோரும் சொன்னார்கள், வாங்கினேன். வண்டு போய் விசில் வந்தது. 1,000 ஹெர்ட்ஸில் சீரான, கூர்மையான விசில். யுஎஸ்பி தரவை நொடிக்கு ஆயிரம் தவணைகளாக அனுப்புவதுதான் காதில் விழுகிறது என்று பிறகு தெரிந்தது. கணினியின் எர்த்தும் அழுக்கும் அதே யுஎஸ்பி வயரில் டேக்கின் வழியே ஸ்பீக்கருக்கு வந்துகொண்டிருந்தன.

என் மதர்போர்டில் சின்ன மூடி போட்ட சதுரத் துளை ஒன்று இருந்தது. அத்தனை நாளும் அது என்னவென்று நான் பார்க்கவே இல்லை. அது ஆப்டிகல் வெளியீடு. அதிலிருந்து டேக்குக்கு ஒரு ஒளியிழைக் கேபிள் போட்டு, டேக்குக்குத் தனி அடாப்டரில் மின்சாரம் கொடுத்தேன். கேபிளில் போவது வெறும் சிவப்பு வெளிச்சம். எர்த் போக வழியே இல்லை. அன்று இரவு ஹாலில் கடிகாரம் ஓடும் சத்தம் என் அறையில் கேட்டது.

* * *

ஆப்டிகல் துளை இல்லாதவர்கள் யுஎஸ்பி ஐசொலேட்டர் பாருங்கள், தரவை மட்டும் கடத்தி எர்த் தொடர்பை வெட்டும் சின்னப் பெட்டி. நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். விலை குறைந்தவை பெரும்பாலும் 12 மெகாபிட் வேகத்தோடு நின்றுவிடும். பாட்டுக் கேட்க அது போதும், பல தடப் பதிவுக்கு ஆகாது.

* * *

மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். பழைய வீடு. பாட்டு கேட்கும்போது ‘டர்ர்’ என்று கரகரப்பு. பார்த்தால் ஃபேன் ரெகுலேட்டர். மூன்றில் வைத்தால் வரும், ஐந்தில் வைத்தால் போய்விடும். மின்னலையை வெட்டி வேகத்தைக் குறைக்கும் பழைய வகை அது. படிப்படியாகச் சொடுக்கும் கெபாசிட்டர் வகைக்கு மாற்றிவிட்டேன், கரகரப்பு நின்றது.

இன்னொன்று: லேப்டாப் உடலைத் தொட்டால் விரலில் சுரசுரவென்று இருந்தது. டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிந்தது. இரண்டு பின் சார்ஜரில் இது வழக்கம். உள்ளே இருக்கும் சிறு கெபாசிட்டர் வழியாகக் கசியும் மின்சாரம். ஸ்பீக்கரை இணைத்ததும் அந்தக் கசிவு ஆடியோ கேபிள் வழியே எர்த்துக்கு இறங்கி உறுமியது. அதே வோல்ட்டேஜில் எர்த் பின் உள்ள மூன்று பின் சார்ஜர் வாங்கியதும் அடங்கியது. ஆனால் அதற்கு முன், சுவரில் இருக்கும் எர்த் துளைக்குப் பின்னால் வயர் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டு அறைகளில் துளை மட்டும்தான் இருந்தது.

* * *

எல்லோருக்கும் நன்றி. தம்பி சொன்னபடி கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். இரைச்சல் பெரும்பாலும் போய்விட்டது, ஆகவே தவறு என் அளவுகளில்தான். பின்பக்கச் சுவிட்ச் −10-இல் இருந்தது. +4-க்கு மாற்றி, திருகை ஒன்பது மணிக்கு இறக்கினேன். காதை ஸ்பீக்கரின் கூம்புக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தால் இன்னும் மெல்லக் கேட்கிறது. வழக்கமான என் இடத்தில் உட்கார்ந்தால் கேட்கவில்லை. காலை வகுப்பில் தம்புராவை மட்டும் இரண்டு நிமிடம் ஓடவிட்டேன். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, நான் சொல்லாமலே, சரியான ஷட்ஜத்தில் வந்து நின்றாள்.

கடைசியாக எழுதியவருக்கு: எங்கள் வீட்டு எர்த் துளைகளையும் பார்க்கச் சொல்லி மாமாவிடம் கேட்டிருக்கிறேன். ஞாயிறு வருகிறார்.