மறு: ‘24 சிக்கல்கள்’ கொண்ட கடிகாரம் – வேறு சொல் உண்டா?

அன்புள்ள குழுவினருக்கு,

கடிகாரத் துறையில் ‘காம்ப்ளிகேஷன்’ (complication) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்று குழுவில் எழுந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> மூலத்தில் ‘காம்ப்ளிகேஷன்’ என்றுதானே இருக்கிறது? ‘சிக்கல்’ என்றே வைத்துவிட்டால் என்ன?

வைக்கலாம் ஐயா. அப்புறம் வாக்கியம் இப்படி வரும்: “படேக் ஃபிலிப் நிறுவனம் ஹென்றி கிரேவ்ஸுக்காகச் செய்து 1933இல் கொடுத்த பாக்கெட் கடிகாரத்தில் 24 சிக்கல்கள் உள்ளன.” படிப்பவர் ‘ஐயோ பாவம், ரிப்பேருக்குக் கொடுங்கள்’ என்பார். 2014இல் ஜெனீவா ஏலத்தில் 2 கோடியே 32 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்குப் போன கடிகாரம் அது!

மணி, நிமிடம், நொடி தவிர ஒரு கடிகாரம் செய்கிற எல்லாமே சேகரிப்பாளர் பேச்சில் காம்ப்ளிகேஷன்தான். பிறைநிலா, காலண்டர், ஸ்டாப்வாட்ச் எல்லாம் இதில் அடங்கும்.

> அப்படியானால் ‘கூடுதல் காட்டி’?

நல்ல சொல். ஆனால் மினிட் ரிபீட்டரிடம் தோற்றுவிடுகிறது. அது எதையும் காட்டாது, அடிக்கும். பக்கவாட்டு நெம்புகோலை இழுத்துவிட்டால் மணிக்குத் தாழ்ந்த ஒலி, கால் மணிக்கு இரட்டை ஒலி, மீதி நிமிடத்துக்கு உயர்ந்த ஒலி. 12:59க்கு இழுத்தால் தாழ்ந்த ஒலி 12, இரட்டை ஒலி 3, உயர்ந்த ஒலி 14. அதைவிட நீளமாக அது பாடுகிற நேரம் கிடையாது. இருட்டில் நேரம் தெரிந்துகொள்ளப் பிறந்த பொறியைக் ‘காட்டி’ என்பது சரிவராது.

எனக்கு முதலில் பிடித்த சொல் ‘மேல்வேலை’. வீட்டு வேலைக்கு ஆள் வைக்கும்போது “சமையல் வேண்டாம், மேல்வேலை மட்டும்” என்று பேசிக்கொள்கிறோமே, அதேதான். நேரம் சொல்வது சமையல், மற்றதெல்லாம் மேல்வேலை. இரண்டு நாள் இந்தச் சொல்லோடு சந்தோஷமாகத் திரிந்தேன்.

கவிழ்த்தது ஃபிலிப் டுஃபூர். சுவிட்சர்லாந்தின் வலே த ஜூ பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு ‘சிம்ப்ளிசிட்டி’ என்ற கைக்கடிகாரத்தைச் சுமார் 200 மட்டும் செய்தவர். அதில் மணி, நிமிடம், சின்ன நொடிமுள், அவ்வளவுதான். ஆனால் பின்மூடியின் கண்ணாடி வழியாகப் பார்த்தால், உள்ளே ஒவ்வொரு பாலத்தின் (சக்கரங்களைத் தாங்கும் உலோகத் தகட்டின்) விளிம்பும் சரிவாகச் சீவப்பட்டு, ஜென்ஷியன் செடித்தண்டால் தேய்த்துத் தேய்த்து மெருகேறியிருக்கும். சேகரிப்பாளர்கள் கொட்டிக்கொடுப்பது அந்த விளிம்புக்குத்தான். இதை “மேல்வேலை எதுவும் இல்லாத கடிகாரம்” என்று எழுதிப் பாருங்கள். வேலைப்பாடே இல்லை என்றல்லவா தமிழ்க் காதில் விழும்! உண்மைக்கு நேர் எதிர்.

ஆகவே என் பரிந்துரை: மேற்பொறி. அடிப்படை மிஷினுக்கு மேலதிகமாகச் சேர்க்கும் பொறி. காலண்டர் பற்சக்கரங்கள் பெரும்பாலும் டயலுக்கு நேர் கீழே, மிஷினின் மேல்தான் உட்காருகின்றன என்பதால் இடப்பொருளும் ஓரளவு ஒட்டுகிறது. டுஃபூருடையது ‘மேற்பொறி இல்லாத கடிகாரம்’. குழப்பமில்லை.

> டூர்பியோனும் மேற்பொறிதானா?

என் கணக்கில் இல்லை. விற்பவர்கள் சேர்த்துக்கொள்வார்கள், விலை ஏறுமே. கடிகாரக் கலைஞர் ப்ரெகே 1801இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. சட்டைப்பையில் நிமிர்ந்தே கிடக்கும் கடிகாரத்தைப் புவியீர்ப்பு ஒரு பக்கமாகப் பிழைபடுத்தாமலிருக்க, கடிகாரத்தின் ஓட்டத்தைச் சீராக்கும் பேலன்ஸ் சக்கரத்தையே ஒரு கூட்டுக்குள் வைத்துச் சுழலவிடுகிறது. புதிதாக எதையும் காட்டுவதுமில்லை, அடிப்பதுமில்லை. மிஷினின் இதயத்தில் இருப்பதை ‘மேல்’ என்று எப்படிச் சொல்வது? ‘சுழற்கூடு’ என்று அதற்குத் தனி இழை தொடங்கலாம்.

எனக்கு இன்னும் உதைப்பது ‘கிராண்ட் காம்ப்ளிகேஷன்’. நிரந்தரக் காலண்டர் (லீப் ஆண்டையும் தானே கணக்கில் கொள்வது), மினிட் ரிபீட்டர், ஸ்டாப்வாட்ச் மூன்றும் ஒரே கடிகாரத்தில் இருப்பதை வழக்கமாக அப்படிச் சொல்கிறார்கள். ‘பெருமேற்பொறி’ வாயில் நுழையவில்லை, ‘பன்மேற்பொறி’ பல்வலி மருந்து மாதிரி இருக்கிறது. யாராவது கைகொடுங்கள்.

அன்புடன்.