குவார்ட்ஸ் கல்லுக்குள் தங்க ஊசிகள், நடுவே கறுப்புத் தகடு: இயற்கையானதா?

கூழாங்கல்:
வணக்கம். ஷோகேஸில் வைக்க ஒரு குவார்ட்ஸ் கல் வாங்கினேன், உள்ளங்கை அளவு, ஒரு பக்கம் மட்டும் மெருகு போட்டிருக்கிறார்கள், மற்ற பக்கமெல்லாம் வெட்டியெடுத்தபடியே சொரசொரப்பாக இருக்கிறது. பிரேசில், பாஹியா மாநிலம், நோவோ ஒரிசோன்டே என்று சீட்டில் எழுதியிருக்கிறது. உள்ளே பளபளப்பான கறுப்புத் தகடு, அதிலிருந்து ஆறு பக்கமும் தங்க நிற ஊசிகள் நட்சத்திரம் மாதிரி கிளம்புகின்றன. இவ்வளவு ஒழுங்காக இருப்பதால்தான் சந்தேகம். யாராவது உள்ளே செருகியிருப்பார்களா? அடியில் துருக்கறையும் இருக்கிறது, ஆக்சாலிக் அமிலத்தில் ஊறப்போடலாமா?

பாறைப்பித்தன்:
குவார்ட்ஸுக்குள் அப்படிச் செருக வழியே இல்லை. ஊசிகள் ரூட்டைல், அதாவது டைட்டானியம் டை ஆக்சைடு. தகடு ஹெமடைட், இரும்பு ஆக்சைடு. அந்த ஒழுங்குக்குக் காரணமே தகடுதான்: ஹெமடைட்டில் அணுக்கள் அறுகோண ஒழுங்கில் அடுக்கியிருக்கும், ரூட்டைல் அதைப் பிடித்துக்கொண்டு வளர்வதால் ஊசிகள் 60 டிகிரி இடைவெளியில் பிரிகின்றன. நோவோ ஒரிசோன்டே கற்களைச் சேகரிப்பவர்கள் தேடிப்போவது இந்த நட்சத்திரத்துக்காகத்தான். எது முன்னால் எது பின்னால் என்பதையும் கல்லிலேயே பார்க்கலாம். முதலில் தகடு, அதன்மேல் ஊசிகள், பிறகு சிலிக்கா கரைந்த சூடான நீரிலிருந்து குவார்ட்ஸ் வளர்ந்து இரண்டையும் உள்ளே வாங்கிக்கொண்டது. நிலத்தடியில் நடந்த வேலையை வரிசை மாறாமல் கண்ணால் பார்க்க முடிகிற கல் இது, பத்திரமாக வைத்திருங்கள்.

மண்வாசம்:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் அது முதலில் குவார்ட்ஸ்தானா என்று பார்த்துவிடுங்கள். கண்ணாடியில் செய்த போலியும் ரெசினில் வார்த்ததும் சந்தையில் உண்டு. பத்து மடங்கு லென்ஸில் உருண்டைக் குமிழிகள் தெரிந்தால் கண்ணாடியாகவோ ரெசினாகவோ இருக்கலாம். ரெசின் கையில் எடுத்தாலே லேசாக இருக்கும், குவார்ட்ஸ் மாதிரி சில்லென்றும் இருக்காது. இரண்டு துண்டை ஒட்டியிருக்கிறார்களா என்று இருட்டில் யூவி டார்ச் அடித்துப் பாருங்கள், பல பசைகள் நீலவெள்ளையாக ஒளிரும்.

கூழாங்கல்:
லென்ஸில் பார்த்துவிட்டேன், குமிழி எதுவும் இல்லை. டார்ச்சுக்கும் எதுவும் ஒளிரவில்லை. ஆனால் மெருகு போட்ட பக்கத்தில் சில ஊசிகள் வெளியே வந்து முடிகிற இடத்தில் பொடிப்பொடியாகக் குழிகள் தெரிகின்றன. தகட்டின் ஓரமும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

பாறைப்பித்தன்:
கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்கிற மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, ரூட்டைல் 6 முதல் 6.5 வரை. மெருகு போடும்போது ஊசியின் முனை சீக்கிரம் தேய்ந்தோ உடைந்தோ குழியாகிவிடும். இயற்கையான கல்லில் எதிர்பார்க்க வேண்டியதுதான், ஆனால் அழுக்கும் எண்ணெயும் அதில் இறங்கும், அதனால் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்க வேண்டாம். ஆக்சாலிக் அமிலமும் வேண்டவே வேண்டாம். துருவைக் கரைக்கிற அமிலம் வெளியே தெரிகிற ஹெமடைட்டையும் தொடும், அதுவும் இரும்பு ஆக்சைடுதானே. மென்மையான சோப்புத் தண்ணீர், பழைய டூத்பிரஷ், அவ்வளவு போதும். வெந்நீரில் போட்டு உடனே குளிர்ந்த நீரில் காட்டாதீர்கள், விரிசல் விடும். மிச்சக் கறை இருந்தால் இருக்கட்டும், அடிப்பக்கம்தானே.