துளையைச் சிறிதாக்கியும் படம் ஏன் தெளியவில்லை?

ஜெலுத்தோங் வாசி (பினாங்கு)
வணக்கம். ஐந்தாம் படிவத்தில் படிக்கும் என் மகளும் நானும் மைலோ டின்னில் ஓர் ஊசித்துளைக் கேமரா செய்தோம். துளைக்கும் ட்ரேசிங் தாளுக்கும் இடையே 100 மில்லிமீட்டர். 0.8 மில்லிமீட்டர் துளையில் மங்கலாகத் தெரிந்த கொம்தார் கட்டடம், 0.4 மில்லிமீட்டர் துளையில் விளிம்பு பிசிறில்லாமல் தெரிந்தது. ஆனால் 0.2 மில்லிமீட்டருக்குக் குறைத்தபோது மீண்டும் மங்கிவிட்டது. வெளிச்சம் குறைவது புரிகிறது. தெளிவு ஏன் குறைய வேண்டும்?

பிரிக்பீல்ட்ஸ் அன்பர்
வணக்கம் ஐயா. ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்பது பெரிய துளைகளுக்கே ஏறக்குறையப் பொருந்தும். துளை சுருங்கச் சுருங்க, விளிம்பு விளைவால் ஒளி அதிகமாகப் பக்கவாட்டில் விரிகிறது. ஆங்கிலேய வானியலாளர் ஜார்ஜ் ஏரி (Airy) 1835இல் கணக்கிட்டபடி, மிகச் சிறிய வட்டத் துளையைக் கடந்த ஒளி ஒரு பிரகாசமான வட்டாகவும் அதைச் சுற்றி மங்கிய வளையங்களாகவும் விழுகிறது. அவ்வட்டின் விட்டம், அலைநீளத்தைத் தூரத்தால் பெருக்கித் துளையின் விட்டத்தால் வகுத்து வருவதைப் போல 2.44 மடங்கு. பச்சை ஒளிக்கு 550 நானோமீட்டர் என்று கொண்டால், உங்கள் 0.2 மில்லிமீட்டர் துளை ஒரு புள்ளியை ஏறத்தாழ 0.67 மில்லிமீட்டர் வட்டாக விரிக்கிறது. துளையைவிட அதன் தடம் மூன்று மடங்குக்கும் மேல் பெரிது! சிறிய துளை தெளிவான படம் தரும் என்பதோடு பாடத்தை முடித்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. அங்கிருந்துதான் பாடமே தொடங்குகிறது.

ஜெலுத்தோங் வாசி (பினாங்கு)
மிக்க நன்றி ஐயா. அப்படியானால் எந்த அளவு சிறந்தது என்பதற்குக் கணக்கு உண்டா?

பிரிக்பீல்ட்ஸ் அன்பர்
உண்டு. ஊசித்துளைப் படங்களைப் பற்றி ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு 1891இல் எழுதிய ஆய்வையொட்டி இன்றும் வழங்கும் விதி இது: தூரத்தையும் அலைநீளத்தையும் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தை 1.9ஆல் பெருக்க வேண்டும். உங்கள் டின்னுக்கு 0.45 மில்லிமீட்டர் வரும்.

இந்த அளவில் துளை, லென்ஸ் இல்லாமலே ஒளியைக் குவிக்கிறது என்பதுதான் வியப்பு. துளையின் விளிம்பிலிருந்து திரையின் மையத்துக்கு வரும் அலை, நடுவிலிருந்து வரும் அலையைவிட அரை அலைநீளம் மட்டும் கூடுதலாகப் பயணம் செய்தால், துளையெங்கும் நுழைந்த அலைகள் மையத்தில் ஒன்றுக்கொன்று வலுவூட்டுகின்றன. ஒரே நிறமுள்ள இணைக்கதிர்களாக இருந்தால், அங்கே துளையிட்ட தகடே இல்லாமல் திறந்திருக்கும்போது இருப்பதைவிட நான்கு மடங்கு செறிவு கிடைக்கும். 0.45 மில்லிமீட்டர் துளைக்கு இது நிகழும் தூரம், பச்சை ஒளியில், ஏறத்தாழ 92 மில்லிமீட்டர். திரையை அதில் பாதித் தூரத்துக்கு நகர்த்தினால் அந்த வேறுபாடு முழு அலைநீளமாகிவிடும். துளையின் உட்பகுதி அலைகளை வெளிப்பகுதி அலைகள் அழிக்க, வெளிச்சத்தின் நடுவில் கரும்புள்ளி தோன்றும். சிவப்பின் அலைநீளம் பச்சையைவிட அதிகம் என்பதால் இந்தத் தூரம் குறையும்; ஆகவே சிவப்பு லேசரில் (650 நானோமீட்டர்) இதைக் காண, வெள்ளைத் தாளை 39 மில்லிமீட்டரில் வைத்து, தாளில் விழுவதை மட்டும் உருப்பெருக்கியால் பாருங்கள். துளைக்குள் கண்ணை வைக்கக் கூடாது.

பட்டர்வொர்த் ஒளிப்படக்காரர்
கணக்கோடு தகட்டையும் கவனியுங்கள் ஐயா. மைலோ டின்னின் தகரத்திலேயே துளையிட்டால் அது குழாய் போலாகி, ஓரத்துக் கதிர்களை மறைக்கும். குளிர்பான அலுமினியத் தகட்டை வெட்டி, ஊசி முனையை அழுத்தி, பின்புறம் எழும் மேட்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். பிறகு 1200 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 1200 பிக்சல்கள்) ஸ்கேன் செய்து, துளையின் குறுக்கே 21 பிக்சல்கள் வருகின்றனவா என்று எண்ணுங்கள், அதுவே 0.45 மில்லிமீட்டர்.