ஏஎஃப்எம்ல (நுண் ஊசியால மேற்பரப்ப தடவி அளக்குற மைக்ரோஸ்கோப்) எக்ஸ்ரே மிரரோட ரஃப்னஸ் 0.3 நானோமீட்டர்னு வருது, அப்பறம் ஏன் ஸ்பாட்ட சுத்தி ஹாலோ (மங்கலா சிதறின ஒளி)?

குவார்ட்ஸ்_மணி:
மக்களே ஒரு டவுட். சிலிக்கான் மேல தங்கம் பூசின மிரர், காப்பர் கே-ஆல்பா (0.154 நானோமீட்டர்) எக்ஸ்ரேய 0.3 டிகிரில சாய்ச்சு விடுறோம். ஏஎஃப்எம்ல 1 மைக்ரான் சதுரம் ஸ்கேன் பண்ணினா ரஃப்னஸ் 0.3 நானோமீட்டர்தான், அத வழக்கமான எக்ஸ்பொனென்ஷியல் ஃபார்முலாவுல போட்டா லாஸ் 2% கூட இல்ல, ஆனா டிடெக்டர்ல மெயின் ஸ்பாட்ட ஒட்டி மேலயும் கீழயும் வால் நீளுது. கோட்டிங் சொதப்பலா?

ஒளிவட்டம்:
கோட்டிங்க விடுங்க, 1 மைக்ரான் ஸ்கேன்ல 1 மைக்ரானுக்கு மேல நீளமான மேடுபள்ளம் எதுவும் தெரியவே தெரியாது. மேற்பரப்புல இருக்குற ஒவ்வொரு அலையும் ஒரு கிரேட்டிங்தான் (பீம வேற கோணத்துக்கு விலக்குற வரிவரியான பரப்பு). உங்க கணக்குக்கே 1 மில்லிமீட்டர் அலைன்னா பீம் 6 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட்னா டிகிரில 3600ல ஒரு பங்கு) விலகும், 0.1 மில்லிமீட்டர்னா 1 ஆர்க்மினிட் (60 ஆர்க்செகண்ட்). ஏஎஃப்எம்ல பாத்த 1 மைக்ரான் சமாச்சாரம் 1 டிகிரி கிட்ட தூக்கி எறியும், அது உங்க டிடெக்டர்லயே விழாது! ஸ்பாட்ட ஒட்டி இருக்கறது முழுக்க நீங்க அளக்காத அலைங்க. ஆப்டிகல் ப்ரொஃபைலர்ல (ஒளியால இன்னும் பெரிய பரப்ப அளக்குற கருவி) போட்டு பிஎஸ்டி (எந்த நீள அலைல எவ்வளவு மேடுபள்ளம்னு காட்டுற வரைபடம்) எடுங்க. ரஃப்னஸ்னு ஒத்த நம்பர் சொன்னா, எந்த நீளத்துல இருந்து எந்த நீளம் வரைக்கும்னு கேக்காம நம்பாதீங்க.

சாய்கோணம்:
மேல சொன்னது சரி. ஃபார்முலா பத்தி ஒண்ணு. தங்கத்துக்கு இந்த எனர்ஜில கிரிட்டிகல் ஆங்கிள் (இதுக்கு கீழ சாய்ச்சாதான் எக்ஸ்ரே கிட்டத்தட்ட முழுசா பிரதிபலிக்கும்) 0.57 டிகிரி கிட்ட, நீங்க அதுக்கு உள்ள இருக்கீங்க, அங்க நெருக்கமான சின்ன மேடுபள்ளத்துக்கு டிபை-வாலர் (நீங்க போட்ட அந்த எக்ஸ்பொனென்ஷியல் ஃபார்முலா) லாஸ அதிகமா காட்டும், நெவோ-க்ரோஸ்ங்கற இன்னொரு ஃபார்முலாதான் சரிவரும். சந்திரா எக்ஸ்ரே விண்வெளி டெலஸ்கோப் (1999) மிரர சில ஆங்ஸ்ட்ராம் அளவுக்கு பாலிஷ் பண்ணி அரை ஆர்க்செகண்ட் ரெசல்யூஷன் எடுத்தாங்க, அதுலயே எனர்ஜி ஏற ஏற ஹாலோ தெரியும். அதுக்காக எல்லா மங்கலுக்கும் ரஃப்னஸ் மேல பழி போடவும் கூடாது, இந்தியாவோட ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளோட எக்ஸ்ரே டெலஸ்கோப்பான எஸ்எக்ஸ்டில மிரர் அலுமினியம் ஃபாயில்ங்கறதால வடிவப் பிசகே பெரிய பங்கு.

ஒளிவட்டம்:
வடிவமா சிதறலான்னு பிரிக்க சுலப வழி, அலைநீளத்த மாத்துங்க. மாலிப்டினம் ட்யூப் (அதோட எக்ஸ்ரே அலைநீளம் காப்பரோடதுல பாதிக்கும் கீழ) இருந்தா அதே கோணத்துல சிதறல் நாலரை மடங்குக்கு மேல ஏறும், வடிவப் பிசகு அப்படியே இருக்கும். ஆனா 0.3 டிகிரி வேண்டாம், அந்த எனர்ஜிக்கு தங்கத்தோட கிரிட்டிகல் ஆங்கிள் 0.26 தான், ரெண்டு ட்யூபையும் 0.2ல எடுங்க. அதுக்கு முன்னாடி மிரர் இல்லாம டைரக்ட் பீம பாருங்க, ஸ்லிட்டே (பீம ஒடுக்குற பிளவு) வால் விடும்.

குவார்ட்ஸ்_மணி:
டைரக்ட் பீம் க்ளீன். ப்ரொஃபைலர் பக்கத்து லேப்ல இருக்கு, கெஞ்சிப் பாக்குறேன்.