புதுப்பிப்பு: பாப்பாவோட முழங்கை மடிப்பு, ஆறு மாசம் கழிச்சு

மார்கழியில எழுதியிருந்தேன்: நாலு வயசு மகளுக்குக் கரப்பான் (எக்ஸிமா, தோல் அரிப்பு நோய்), மருந்துக்கடையில கேட்டு வாங்கின கிரீமை ஒரு வருஷத்துக்கு மேல தினமும் தடவினதுல முழங்கை மடிப்பு வெங்காயச் சருகு மாதிரி ஆயிடுச்சுன்னு.

தோல் டாக்டர் ட்யூபைத் திருப்பிப் பார்த்தார். க்ளோபெட்டசால். தடவுற ஸ்டீராய்டுலயே ரொம்ப வீரியமான வகை. மடிப்புல மருந்து கூடுதலா உள்ள இறங்குமாம், தோலுக்கு உறுதி தர்ற கொலாஜன் புரதம் உருவாகறதும் குறைஞ்சு தோல் மெலியுமாம்.

இப்போ சுருக்கம் பெரும்பாலும் போயிடுச்சு. பச்சை நரம்பு முன்ன மாதிரி துருத்திக்கிட்டுத் தெரியல. வெளிறின இடத்துல நிறம் மெல்லத் திரும்புது. உள்தொடையில விழுந்த ரெண்டு கோடு மட்டும் மங்குமே தவிர மறையாதாம். அதைப் பார்க்கிறப்பெல்லாம் எனக்குத்தான் உறுத்துது, அவளுக்கு ஒண்ணும் இல்ல.

மடிப்புக்கு இப்போ டாக்ரோலிமஸ் 0.03% களிம்பு, ஸ்டீராய்டு இல்லாத மருந்து. இது தோலை மெலிய வைக்காது, ஆனா முதல் வாரம் எரியுதுன்னு அழுதா. கை கால்ல கரப்பான் கிளம்பினா மட்டும் மிதமான ஸ்டீராய்டு, சில நாளைக்கு. அளவு: பெரியவங்க ஆள்காட்டி விரலோட கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினா சுமார் அரை கிராம், பெரியவங்களோட ரெண்டு உள்ளங்கை (விரலும் சேர்த்து) அளவு இடத்துக்கு அது போதும். நான் சந்தனம் மாதிரி அப்பியிருக்கேன்!

"ஸ்டீராய்டே தொடாதீங்க"ன்னு சிலர் சொன்னீங்க. அப்படி நானா நிறுத்தின வாரம், ராத்திரி பூரா சொறிஞ்சு தலையணை உறையில ரத்தக்கறை. அந்த யோசனையை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன்.

அடுத்து டாக்டரைப் பார்க்கிறது ஆவணியில.